புகை அடிக்கச் சொல்லிச் சண்டை போடுவதற்கு முன்னால்

தெருவில் யாருக்காவது டெங்கு என்று தெரிந்ததும் சென்னைக்காரர்கள் செய்வது இரண்டு. மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் போட்டு "புகை அடிக்க ஆள் அனுப்புங்க" என்று கேட்பது, அப்புறம் கூவத்தைத் திட்டுவது. நானும் இரண்டையும் செய்தவன்தான்.

கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் பெருகுவது க்யூலெக்ஸ் என்ற கொசு. ராத்திரி காதருகே வந்து பாட்டுப் பாடுமே, அது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸுக்குத் தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர்தான் தோது, கடிப்பதும் பெரும்பாலும் பகலில், பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் தாண்டுவதே அபூர்வம். அதாவது வீட்டில் உங்களைக் கடித்தது பெரும்பாலும் உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ வளர்ந்தது. மலேரியா கொசுகூட இந்த ஊரில் கிணற்றிலும் மூடாத மேல்நிலைத் தொட்டியிலும் வளர்வதுதான்.

சரி, புகை? அது பறக்கிற கொசுவைத்தான் கொல்லும். தண்ணீருக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது, சில நாளில் அதுவும் கொசுவாகி வெளியே வந்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், புகை வண்டிச் சத்தம் கேட்டதும் கதவு ஜன்னலையெல்லாம் சாத்திக்கொள்கிறோம், ஏடிஸோ உள்ளே கட்டிலுக்கு அடியிலும் தொங்கும் துணிக்குப் பின்னாலும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டை மூடி, கைக்குழந்தையையும் ஆஸ்துமாக்காரர்களையும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

உண்மையான வேலையைச் செய்வது வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர்கள். அவர்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்புவதுதான் எல்லாத் தவறிலும் பெரிய தவறு. போன மழைக்காலத்தில் ஒரு அம்மா டார்ச்சோடு வந்தார். "எங்க வீடு சுத்தமாத்தான் இருக்கும்மா" என்றேன். "ஃபிரிட்ஜைக் கொஞ்சம் நகர்த்துங்க சார்" என்றார். பின்னால் அடியில் ஒரு தட்டு, அதில் அரை டம்ளர் தண்ணீர். வெளிச்சம் பட்டதும் நூல் துண்டு மாதிரி ஏழெட்டுப் புழு நெளிந்து நெளிந்து அடியில் போய் ஒளிந்தன. என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

அந்தத் தண்ணீரைக் கொட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். போதாதாம். ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரித்துவிடும். அதனால் டிரம்மோ குடமோ, வாரம் ஒரு தடவை நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல் நீல டிரம்மில் பிடித்து வைக்கிற வீடுகளில் இது கஷ்டம்தான், நமக்கு வேறு வழி இல்லை. தேய்க்க முடியாத நாளில் மெல்லிய துணி போட்டு இறுக்கிக் கட்டியாவது வையுங்கள். புழு இருக்கும் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் காய்ந்த மண்ணில் ஊற்றுங்கள், அங்கேயே செத்துவிடும்.

பணியாளர்கள் தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றினால் "விஷம் கலந்துட்டாங்க" என்று அவ்வளவு தண்ணீரையும் திறந்துவிடுகிறவர்கள் உண்டு. குடிநீருக்கென்று சொல்லப்பட்ட அளவில் அதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார அமைப்பே ஏற்றிருக்கிறது. பயம் தீரவில்லையா, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று அந்தப் பணியாளர்களிடமே கேளுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது. டெங்கு உறுதியானால் ஆஸ்பத்திரி மாநகராட்சிக்குத் தகவல் கொடுக்கும், அந்த முகவரியைச் சுற்றியுள்ள வீடுகளில் ஆட்கள் வந்து தேடுவார்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஆதாரில் உள்ள சொந்த ஊர் முகவரியையோ காலி செய்துவிட்ட பழைய வீட்டையோ எழுதினால், தேடல் வேறெங்கோ நடக்கும், இங்கே கொசு பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். 1913-க்குச் சொல்லும்போதும் அப்படித்தான், "ஏரியா முழுக்கக் கொசு" என்றால் யார் எங்கே போய்ப் பார்ப்பது? எந்தத் தெரு, எந்தக் கதவு எண்ணுக்கு எதிரே, பூட்டிக் கிடக்கும் காலிமனையா, பாதியில் நிற்கும் கட்டடமா என்று சொல்லுங்கள்.

அடுக்குமாடிக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. மொட்டை மாடிச் சாவி செயலாளரின் பையில் ஆபீஸுக்குப் போய்விடுகிறது, வந்தவர்கள் தொட்டியைப் பார்க்காமலே திரும்பிப் போகிறார்கள். ஒரு சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து வையுங்கள்.