எலிக்கு ஒரு மரப்பெட்டிப் பொறி

தோட்டத்தில் கடலை, மரவள்ளி, தக்காளி என்று எதையும் விட்டுவைக்காத எலிக்குப் பலரும் முதலில் வைப்பது விஷம். தயவுசெய்து வேண்டாம். விஷம் தின்ற எலியைக் கூகையோ பூனையோ தின்றால் அதுவும் சாகலாம், அப்புறம் எலியைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்?

12 மி.மீ. ப்ளைவுட் அல்லது பழைய பலகை போதும். நீளம் 45 செ.மீ., அகலமும் உயரமும் 15 செ.மீ. இருக்கும்படி பெட்டி அடியுங்கள். பின்பக்கம் பலகை வேண்டாம், அரை அங்குலக் கண் உள்ள கெட்டிக் கம்பிவலை அடியுங்கள். அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிந்தால்தான் எலி தயங்காமல் உள்ளே போகும். பெயின்ட், வார்னிஷ் எதுவும் பூச வேண்டாம்.

முன்பக்கம் இரண்டு ஓரத்திலும் ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) அடித்து, நடுவில் கதவுப் பலகை மேலும் கீழும் வழுக்கும்படி காடி (இடைவெளி) விடுங்கள். காடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் கதவு சிக்காது. கதவு கனமாக இருக்கட்டும், லேசாக இருந்தால் எலி மூக்காலேயே தூக்கிவிடும்.

இனிதான் முக்கியமான வேலை. மூடியின் நடுவில் ஒரு கவைக்குச்சியை நிறுத்தி, அதன்மேல் நீளக்குச்சி ஒன்றை ஏற்றம் மாதிரி வையுங்கள். அதன் ஒரு முனையைக் கதவோடும், மறுமுனையை விரல் தடிமனுள்ள ஒரு விசைக்குச்சியோடும் கயிற்றால் கட்டுங்கள். பெட்டியின் பின்பக்கமாக மூடியில் 2 செ.மீ. துளை போட்டு விசைக்குச்சியை உள்ளே இறக்கி, அதில் வெட்டிய பள்ளம் துளையின் விளிம்பில் மாட்டி நிற்கும்படி செய்யுங்கள். கதவின் கனம் விசைக்குச்சியை மேலே இழுக்கும், பள்ளம் பிடித்துக்கொள்ளும், எலி குச்சியை அசைத்ததும் பிடி நழுவிக் கதவு விழும். பள்ளம் ஆழமாகிவிட்டால் எலி இரையைத் தின்றுவிட்டுப் போய்விடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி, விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

சுட்ட தேங்காய்ச் சில்லு அல்லது கருவாட்டை விசைக்குச்சியின் அடிமுனையில் இறுகக் கட்டி, சுவர் ஓரமாக எலி ஓடும் தடத்தில் வையுங்கள். புதுப் பொருளைக் கண்டால் எலி ஒதுங்கும், ஆகவே முதல் மூன்று நான்கு ராத்திரி கதவைத் தூக்கிக் கட்டிவிட்டு இரை மட்டும் வையுங்கள். பயமில்லாமல் தின்னப் பழகியதும் விசையை மாட்டுங்கள்.

பகலில் பொறியை மாட்ட வேண்டாம், அணிலோ ஓணானோ வெயிலில் மாட்டிச் சாகும். விடிந்ததும் போய்ப் பாருங்கள். எலியின் மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும் என்பதால் கையுறை போடாமல் பெட்டியைத் தொடாதீர்கள்.