சும்மா இருக்கும்போது எஸ்எஸ்டி காணாம போகுதா? லினக்ஸ்ல இத பண்ணிப் பாருங்க

சிங்கப்பூர் சிம் லிம் ஸ்கொயர்ல ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டுல நேரா சொருகுற வேகமான டிஸ்க்) வாங்கி உபுன்டு ஏத்துனேன், வேலை பாக்குற வரைக்கும் சூப்பரா ஓடும், கீழ காப்பிக்கடைல ஒரு தே தாரிக் குடிச்சிட்டு வந்தா செத்துக் கிடக்கும். மௌஸ் நகரும், ஆனா எந்த கமாண்ட் அடிச்சாலும் இன்புட் அவுட்புட் எரர்தான். நம்ம ஊர் சூட்டுக்குத்தான் படுத்துக்குதுன்னு ஃபேன் எல்லாம் வச்சேன், வெட்டிச் செலவு. சூடுன்னா வேலை நேரத்துலல்ல படுக்கணும், இது சும்மா இருக்கும்போதுல்ல படுக்குது.

விஷயம் தூக்கத்துல இருக்கு. 2017ல வந்த 4.11 கெர்னல்ல (லினக்ஸோட மையப் பகுதி) இருந்து ஏபிஎஸ்டின்னு ஒரு மின்சேமிப்பு வசதி இருக்கு, வேலை இல்லன்னா டிரைவ் தானாவே தூங்கப் போகலாம். சில டிரைவோட ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளயே இருக்குற சாஃப்ட்வேர்) ஆழமா தூங்கிட்டா எழுந்திரிக்கவே மாட்டேங்குது.

முதல்ல உறுதி பண்ணுங்க. ரீஸ்டார்ட் பண்ணிட்டு லாக்ல தேடுனா ஒண்ணும் இருக்காது, ஏன்னா லாக் எழுத வேண்டிய டிஸ்க்கே அப்ப இல்ல! அதனால கெர்னல் செய்திகளக் காட்டுற டிமெசேஜ் கமாண்ட கடைசில ஹைஃபன் டபிள்யூ போட்டு (dmesg -w) ஒரு டெர்மினல்ல ஓட விட்டுட்டுப் போங்க, வந்து பாத்தா 'கன்ட்ரோலர் இஸ் டௌன்'னு ஒரு வரி நிக்கும், ஃபோன்ல ஃபோட்டோ எடுத்துக்குங்க.

அப்புறம் கம்ப்யூட்டர் ஆரம்பிக்கும்போது வர்ற க்ரப் மெனுல 'இ' (e) அழுத்தி, லினக்ஸ்னு ஆரம்பிக்கிற வரியோட கடைசில என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யுஎஸ்=0 சேருங்க (இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும்: nvme_core.default_ps_max_latency_us=0), எஃப்10 அடிச்சு பூட் பண்ணுங்க. இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், அதனால பயம் வேணாம். ரெண்டு நாள் ரீஸ்டார்ட் பண்ணாம சும்மா விட்டுப் பாத்து தாங்குச்சுன்னா மட்டும் க்ரப் ஃபைல்ல நிரந்தரமா போட்டு அப்டேட் க்ரப் ஓட்டுங்க.

0 போட்டா தூக்கமே கிடையாது, லேப்டாப்ல பேட்டரி இறங்கும். என்விஎம்இ டூல்ல ஐடி கன்ட்ரோல் (id-ctrl) போட்டுப் பாத்தா ஒவ்வொரு தூக்கத்துக்கும் எக்ஸ்லாட்னு ஒரு நம்பர் இருக்கும், எழுந்திரிக்க எத்தன மைக்ரோசெகண்டுன்னு. அந்த 0 இடத்துல, ரொம்ப ஆழமான தூக்கத்தோட நம்பருக்குக் கொஞ்சம் கீழ வச்சா அது மட்டும் கட், மேலோட்டமா தூங்கிக்கும். நான் 5500 வச்சிருக்கேன்.

அப்பவும் விழுந்தா அதே வரில பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் (pcie_aspm=off, டிரைவ் இணைப்போட மின்சேமிப்ப நிறுத்துறது) சேத்துப் பாருங்க. ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருந்தா அதுதான் சரியான மருந்து, ஆனா பேக்கப் எடுக்காம கை வைக்காதீங்க. அதுவும் இல்லன்னா எல்எஸ்பிசிஐ (lspci) கமாண்ட்ல வர்ற டிரைவோட ஐடியக் குறிச்சுக்கிட்டு கெர்னல் ஆளுங்களுக்குச் சொல்லுங்க, இந்த மாதிரி டிரைவுக்குன்னே கெர்னல் கோட்ல ஒரு பட்டியல் இருக்கு, அதுல ஏறிட்டா அடுத்து அதே டிரைவ் வாங்குறவருக்கு இந்த அலைச்சல் இல்ல.