ஸ்போர்ட்ஸ் கார் டயரின் உள்விளிம்பு ஏன் முதலில் தேய்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளிப்புறம் புதிது போலிருக்க, பின் டயரின் உள்விளிம்பில் மட்டும் ரப்பர் கரைந்து கம்பி எட்டிப் பார்ப்பது ஸ்போர்ட்ஸ் கார்களில் அடிக்கடி நேர்வது. நின்றபடி பார்த்தால் இது கண்ணில் படாது.

டயர் விரைவில் தேய்வதில் ஒரு பங்கு நாமே காசு கொடுத்து வாங்கியது. சாலையைக் கவ்விப் பிடிக்கும் மென்மையான ரப்பர் நெடுநாள் உழைக்காது. அமெரிக்காவில் விற்கும் டயர்களின் பக்கச்சுவரில் உள்ள 'டிரெட்வேர்' எண் (கூடினால் டயர் நெடுநாள் உழைக்கும் என்று பொருள்), மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு 300. குடும்பக் கார் டயர்களில் அது 500-ஐத் தாண்டுவதுண்டு. அந்த எண்ணைத் தயாரிப்பாளரே குறிப்பதால், வேறு நிறுவன டயரோடு ஒப்பிட அதை நான் பெரிதாக நம்புவதில்லை.

ஒருபக்கத் தேய்மானத்துக்கு எல்லோரும் கேம்பரை, அதாவது சக்கரத்தின் சாய்வைத்தான் குறை சொல்கிறார்கள். வளைவுகளில் பிடிமானம் கிடைப்பதற்காகச் சக்கரத்தின் மேற்பகுதியை உள்நோக்கிச் சாய்த்திருப்பதால் உள்விளிம்பில் பளு கூடுவது உண்மைதான். ஆனால் ரப்பரை அரத்தால் ராவுவது போல் தின்பது, சக்கரம் நேராகப் பார்க்காமல் சற்றே திரும்பி நிற்கும் 'டோ' பிழையே. 0.2 பாகை திரும்பியிருந்தாலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் அளவுக்கு அந்தச் சக்கரம் பக்கவாட்டில் இழுபடுகிறது. ஸ்பிரிங்கை மாற்றிக் காரைத் தாழ்த்தினால் இரண்டு கோணங்களும் சேர்ந்தே மாறிவிடும்.

சோதிக்கும்போது காரை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, கம்பி வெளியே தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டயரின் குறுக்கே உள்ளங்கையை இருபுறமும் ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் உறுத்தினால் டோ சரியில்லை. பிறகு உள், நடு, வெளி என மூன்று இடங்களில் பள்ளத்தின் ஆழத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள், எங்காவது 1.6 மி.மீ.க்கு இறங்கிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள தளர்ந்த ரப்பர் புஷ்களை மாற்றிய பிறகே சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் செய்து, அதைச் செய்வதற்கு முன்னும் செய்த பின்னுமான அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள்.

டயர்களை இடம் மாற்றிச் சமாளிக்கலாம் என்றால், 2014-இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்3 போன்ற கார்களில் முன் டயரின் அகலம் 255 மி.மீ., பின் டயருடையது 275 மி.மீ. என்பதால் முன்பின்னாக மாற்ற முடியாது. இடம் வலமாக மாற்றினாலும், உள்பக்கம், வெளிப்பக்கம் எனக் குறியிட்ட டயரில் உள்விளிம்பு உள்ளேதான் இருக்கும்.