சின்ன காரின் டிக்கிக்குள் அடங்கும் ஸ்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடையில் ஸ்ட்ரோலர்களை, அதாவது குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிகளை, விரித்துத்தான் நிறுத்தி வைத்திருப்பார்கள். மெத்தை எப்படி, குடை எப்படி, பாட்டில் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பில் போட்டுவிடுவோம். ஆனால் ஆல்ட்டோ, க்விட், டியாகோ, ஸ்விஃப்ட் மாதிரி கார் இருக்கும் வீட்டில் அந்த வண்டி பாதி நேரம் டிக்கிக்குள் மடங்கித்தான் கிடக்கப் போகிறது. மடக்கினால் அது எவ்வளவு பெரிசு, அதை யார் தூக்கி வைக்கப் போகிறார்கள், வைத்த பிறகு குழந்தையின் பைக்கு இடம் மிஞ்சுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு மெத்தையைப் பார்த்தால் போதும். முதல் குழந்தைக்கு முதல் ஸ்ட்ரோலர் வாங்குகிறவர்களுக்காக, வேலைகளைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் டிக்கியை அளந்துகொள்ளுங்கள்

கார் கம்பெனிகள் டிக்கியின் அளவை லிட்டரில் சொல்கின்றன. ஆல்ட்டோ கே10-க்கு 214 லிட்டர், டியாகோவுக்கு 242, ஸ்விஃப்ட்டுக்கு 265, க்விட்டுக்கு 279, வேகன்ஆருக்கு 341. ஒரு காரை இன்னொரு காரோடு ஒப்பிட இது உதவும்; ஸ்ட்ரோலர் உள்ளே போகுமா என்று கேட்டால் உதவாது. காரணம், அளக்கும் முறை. 20 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம் உள்ள கட்டைகளை டிக்கிக்குள் அடுக்கி எண்ணுவதுதான் பரவலான வழக்கம். ஒரு கட்டை ஒரு லிட்டர். சின்னக் கட்டைகள் என்பதால் மூலை முடுக்கெல்லாம் கணக்கில் சேர்ந்துவிடும். ஸ்ட்ரோலரை அப்படித் துண்டு துண்டாக அடுக்க முடியாதே.

அதனால் ஒரு இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு டிக்கியைத் திறந்து, கீழே சொல்லும் அளவுகளை போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

டிக்கியின் தரையில் இரண்டு பக்கமும் டயருக்காக உள்ளே புடைத்து நிற்கும் பகுதி இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள அகலம் முதல் அளவு. பெரும்பாலான சின்ன கார்களில் தரையில் மிகக் குறுகலான இடம் இதுதான். புடைப்புக்கு மேலே அகலம் கூடும். அதையும் தனியாக அளந்துகொள்ளுங்கள்.

அடுத்தது, பின்சீட்டின் முதுகிலிருந்து டிக்கிக் கதவு வரைக்கும் உள்ள ஆழம். இதைத் தரையில் ஒரு தடவையும், தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் ஒரு தடவையும் அளக்க வேண்டும். சீட்டின் முதுகு டிக்கிப் பக்கம் சாய்ந்திருக்கும், கதவும் மேலே போகப் போக உள்பக்கம் சாயும். இந்த இரண்டும் சேர்ந்து, தரையில் தாராளமாகத் தெரிந்த ஆழத்தை மேலே நன்றாகவே குறைத்துவிடும். கீழே அளந்ததோடு நிறுத்திவிட்டால், வண்டியை வைத்துவிட்டுக் கதவை இறக்கும்போது இடிக்கும்.

மூன்றாவது, தரையிலிருந்து பார்சல் ட்ரே (டிக்கியை மேலே மூடும் பலகை) வரைக்கும் உயரம். நான்காவது, டிக்கி வாசலின் அகலம். உள்ளே இடம் இருந்தும் வாசல் குறுகலாக இருப்பதால் வண்டியைச் சாய்த்து நுழைக்க வேண்டிய கார்கள் உண்டு.

சிஎன்ஜி கார் என்றால் அளவே மாறிவிடும். வேகன்ஆர் சிஎன்ஜியில் சிலிண்டர் டிக்கிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். 341 லிட்டர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. டாடா 2023-ல் கொண்டுவந்த இரட்டைச் சிலிண்டர் அமைப்பில் இரண்டு சின்னச் சிலிண்டர்களையும் டிக்கித் தரைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். தரை உயர்ந்திருக்கும், ஆனாலும் பயன்படும்படி இடம் கிடைக்கும். எந்த சிஎன்ஜி காராக இருந்தாலும், இருக்கிறபடியே அளந்துகொள்ளுங்கள்.

2. அட்டைப்பெட்டியால் ஒத்திகை பாருங்கள்

செலவே இல்லாத வேலை, ஆனால் இவ்வளவு உதவுவது வேறு எதுவும் இல்லை. வாங்க நினைக்கும் ஸ்ட்ரோலரின் மடக்கிய அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டில் கிடக்கும் அட்டைப்பெட்டிகளை வெட்டி ஒட்டி அதே அளவில் ஒரு பெட்டி செய்யுங்கள். அதை டிக்கியில் வையுங்கள். பக்கத்தில் டயப்பர் பையையும், வழக்கமாக எடுத்துப்போகும் ஒரு துணிப்பையையும் வையுங்கள். பார்சல் ட்ரேயை மாட்டிக் கதவை மூடிப் பாருங்கள். படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை. பேப்பரில் கணக்குப் போடும்போது தெரியாத இடிபாடெல்லாம் இதில் தெரிந்துவிடும்.

ஆன்லைனில் அளவு பார்க்கும்போது இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே போட்டிருக்கும் அளவு விரித்த வண்டியினுடையதா, மடக்கியதா, பார்சல் பெட்டியினுடையதா என்று பல இடங்களில் தெளிவாக இருக்காது. ‘பெட்டியே டிக்கியில் போகும், அப்படியானால் வண்டியும் போகும்’ என்றும் முடிவு செய்துவிட முடியாது. நிறைய ஸ்ட்ரோலர்களில் சக்கரம், குடை, முன்கம்பி எல்லாம் தனியாகக் கழன்று பெட்டிக்குள் இருக்கும். மாட்டிய பிறகு மடக்கினால் பெட்டியைவிடப் பெரிசாகிவிடும். சக்கரம் மாட்டிய நிலையில், மடக்கிய அளவு என்ன என்று விற்பவரிடம் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு வாங்குங்கள்.

3. எப்படி மடங்குகிறது என்று பாருங்கள்

கடைகளில் கிடைப்பவற்றை மடங்கும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

ஒன்று, குடை மாதிரி மடங்குவது. இதை உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். ஓய்வு பெற்ற பிறகு 1965-ல், மகள் பேத்தியின் கனமான வண்டியோடு படும் பாட்டைப் பார்த்து, அலுமினியக் குழாய்களால் 3 கிலோவுக்கும் குறைவான ஒரு வண்டியை வடிவமைத்தார். இந்த வகை மடக்கினால் ஒல்லியாகும், ஆனால் நீளம் குறையாது. ஒரு மீட்டரை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். சின்ன டிக்கியில் சிக்கல் கொடுப்பது அந்த நீளம்தான்.

நீளம் கூடினால் மூலைக்கு மூலை கோணலாக வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிக்கி 95 செ.மீ. அகலம், 55 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை டேப் பிடித்தால் 110 செ.மீ. வரும். அப்படியானால் 105 செ.மீ. ஸ்ட்ரோலர் போய்விடும் என்று தோன்றும். ஆனால் டேப்புக்குத் தடிமன் கிடையாது, ஸ்ட்ரோலருக்கு 25 செ.மீ. தடிமன் இருக்கிறது. அந்தத் தடிமனோடு சாய்த்தால் எதிரெதிர் மூலைகள் முட்டும். நேராக வைத்தால் 95 செ.மீ. வரை போகும், கோணலாக வைத்தால் 92 செ.மீ. கூடத் தாண்டாது. அதனால் குடை வகை வாங்குவதென்றால், அதன் நீளம் டயர் புடைப்புக்கு மேலே உள்ள அகலத்துக்குள் நேராக அடங்க வேண்டும்.

இரண்டாவது, மூன்று மடிப்பாக மடங்கிப் பெட்டிபோல் ஆகும் வகை. கேபின் ஸ்ட்ரோலர் என்று விற்கிறார்கள். விமானத்துக்குள் கொண்டுபோகும் பையின் அளவை மனதில் வைத்துச் செய்ததால், மடக்கினால் சுமார் 55 × 45 × 25 செ.மீ. அளவில் இருக்கும். டிக்கியின் ஒரு ஓரத்தில் நிறுத்திவிட்டு மீதி இடத்தில் பை வைக்கலாம். ஆல்ட்டோ, க்விட் அளவுக் காருக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். குடை வகையைவிட விலை கூடுதல், சக்கரமும் சின்னது. இருந்தாலும் தினமும் காரில் ஏற்றி இறக்குபவர்களுக்கு அந்த விலை வீண் இல்லை.

மூன்றாவது, காரில் பொருத்தும் குழந்தை சீட்டும் (கார் சீட்) ஸ்ட்ரோலரும் ஒரே செட்டாக வருவது. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் காரிலிருந்து வண்டிக்கு மாற்றலாம் என்பது உண்மையிலேயே பெரிய வசதி. ஆனால் சட்டம் பெரிசு, எடையும் பத்துக் கிலோவைத் தாண்டிவிடும். வேகன்ஆர் அளவு டிக்கிக்குக் கீழே இதை யோசிக்க வேண்டாம்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரோலர் வாங்குவதால் கார் சீட் தேவையில்லை என்று ஆகாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் காரில் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதம் இருக்கட்டும், மடியில் இருக்கும் குழந்தையைத் திடீர் பிரேக்கில் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் கார் சீட்டை வாங்குங்கள்.

4. குழந்தையின் வயதுக்கு எந்தச் சாய்வு?

ஆறு மாதம் வரை குழந்தைக்குக் கழுத்தும் முதுகும் முழுதாக நிற்காது. உட்காரவைக்கும் ஸ்ட்ரோலரில் போட்டால் தலை முன்னால் சரிந்து மூச்சுக்கு இடைஞ்சலாகும். ஐரோப்பாவின் இஎன் 1888 தரத்தில், ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கான சீட்டில், உட்காரும் பகுதிக்கும் முதுகுப் பகுதிக்கும் நடுவே குறைந்தது 150 டிகிரி கோணம் வரும்படி சாய வேண்டும் என்று இருக்கிறது. கேபின் வகையிலும் குடை வகையிலும் பாதிச் சாய்வோடு நின்றுவிடுபவை நிறைய. ‘பிறந்ததிலிருந்து’ என்று அட்டையில் போட்டிருந்தாலும், கடையில் நீங்களே முழுக்கச் சாய்த்துப் பாருங்கள்.

நம் ஊர் வழக்கத்தில் முதல் சில மாதம் குழந்தை வெளியே போவது தடுப்பூசிக்கும் நெருங்கிய சொந்தக்காரர் வீட்டுக்கும்தான். அதுவரை பாட்டியின் கையே போதும். குழந்தை உட்கார ஆரம்பித்த பிறகு வாங்கினால், சாய்வு குறைவான, இன்னும் கச்சிதமான வண்டியே போதுமானதாக இருக்கும்.

5. தூக்கப் போகிறவர் மடக்கிப் பார்க்கட்டும்

கடையில் அப்பா மடக்கிப் பார்ப்பார், ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் மடக்குவது அம்மாவாக இருக்கும். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் வண்டி. அதனால் தினமும் யார் கையாளப் போகிறாரோ அவர் கடைக்கு வர வேண்டும். ஒரு கையில் ஐந்து கிலோ அரிசிப் பையைக் குழந்தைக்குப் பதிலாக வைத்துக்கொண்டு, மறுகையால் மடக்கிப் பார்க்கலாம். குனிந்து பெடலை மிதித்து, பின்னால் போய் ஒரு கொக்கியை இழுத்து, பிறகு நிமிர்ந்து அழுத்தும்படி இருந்தால், மழையில் நிற்கும்போது அது கைகொடுக்காது.

எடை ஆறு, ஏழு கிலோவுக்குள் இருப்பது நல்லது. டிக்கி வாசலின் விளிம்பு உயரமாக இருக்கும் காரில் வண்டியை இடுப்புக்கு மேல் தூக்கி, உள்ளே இறக்க வேண்டியிருக்கும். சிசேரியன் ஆனவர்களிடம் ஆரம்ப வாரங்களில் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். அந்த நாட்களில் தூக்கி வைக்க இன்னொருவர் கூட இருக்க வேண்டும்.

மடக்கும்போது குழந்தையின் விரல் கீலுக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. குழந்தைகளின் விரல் நுனி துண்டான சம்பவங்களுக்குப் பிறகு, 2009-ல் மெக்லாரன் நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சுமார் பத்து லட்சம் வண்டிகளுக்குக் கீலை மூடும் உறை கொடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் கீல்களுக்கு உறை இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முழுக்க விரிந்ததும் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும் சத்தமும் கேட்க வேண்டும்.

6. நம் தெருவில் ஓடுமா?

மால், விமான நிலையம், தி.நகர் பாண்டி பஜாரின் அகல நடைபாதை மாதிரி இடங்களில் எந்தச் சக்கரமும் ஓடும். தெருவில் ஜல்லி, மணல், உடைந்த சிலாப் இருந்தால் சின்ன முன்சக்கரம் சட்டென்று சிக்கி வண்டி முன்னால் குப்புறச் சாயப் பார்க்கும். முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதியும் கொஞ்சம் ஸ்பிரிங்கும் இருந்தால் சமாளிக்கலாம். கடற்கரை மணலுக்கு எதுவும் சரிப்படாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டே நடந்துவிடுங்கள்.

குடை பெரிதாகவும், பின்னால் வலைச் சன்னல் உள்ளதாகவும் இருக்கட்டும். வெயிலுக்காகத் துப்பட்டாவையோ துண்டையோ வண்டி மேல் போர்த்தினால் காற்று அடைத்து உள்ளே சூடு ஏறும். நம் ஊர் வெயிலில் இது ஆபத்து. ஐந்து முனை பெல்ட்டும் (இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று), கால் வைத்து அழுத்தும் பிரேக்கும் கட்டாயம். இலகு வண்டிகளின் கைப்பிடியில் கனமான பை தொங்கவிடாதீர்கள். குழந்தையைத் தூக்கியதும் வண்டி பின்னால் கவிழும், சில சமயம் குழந்தையோடே கவிழும்.

7. காரிலேயே கடைக்குப் போங்கள்

டிக்கியில் வழக்கமாக இருக்கும் சாமானை இறக்காமல் போங்கள். பிடித்த வண்டியைப் பார்க்கிங்குக்குக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் வண்டி என்றால் பெரும்பாலும் விடுவார்கள். பின்கண்ணாடியை மறைக்காமல், பார்சல் ட்ரேக்குக் கீழேயே அடங்க வேண்டும். டிக்கியில் இடமில்லை என்று பின்சீட்டில் குழந்தைக்குப் பக்கத்தில் சும்மா போட்டுவைப்பது சரியில்லை. பிரேக் அடித்தால் ஏழு கிலோ வண்டி எகிறி வரும்.

ஆன்லைனில் வாங்கினால் திருப்பிக் கொடுக்கும் தேதியைப் பார்த்துவிட்டு, பெட்டியைக் கிழிக்காமல் பிரித்து, சக்கரம் மாட்டி, அன்றைக்கே டிக்கியில் வைத்துப் பாருங்கள். கதவு தானாக இறங்கி மூடினால் சரி. அழுத்தி மூட வேண்டியிருந்தால், போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு தடவையும் ஸ்ட்ரோலரின் சட்டமும் டிக்கிக் கதவின் கீலும் அடிவாங்கும். மறுபடி பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, ஒரு அளவு சின்னதாகப் பாருங்கள்.