ஜப்பான்ல இசகாயாவுக்கு முதல் தடவை போறது எப்படி? வாசல்ல இருந்து பில் வரைக்கும்

ஜப்பான் டூர் போற நம்மாளுங்க ராமென் கடைக்கெல்லாம் தைரியமா போயிடறாங்க, ஆனா சரக்கோட சின்னச் சின்ன தட்டுல சாப்பாடும் குடுக்கற, சிவப்பு காகித விளக்கு தொங்கற இசகாயா கடை வாசல்ல நின்னு எட்டிப் பார்த்துட்டு அப்படியே நகர்ந்துடறாங்க. ஆபீஸ் முடிஞ்சு வந்து டையத் தளர்த்திட்டு சத்தமா சிரிச்சுப் பேசற ஜப்பான்காரங்கள பாக்கணும்னா இங்கதான் வரணும், அதனால தயவுசெஞ்சு விட்றாதீங்க. குடிக்காதவங்களும் தாராளமா போலாம், ஒரு ஊலாங் டீ வாங்கிக்கிட்டா போதும். 20 வயசு ஆகாதவங்களுக்கு மட்டும் சரக்கு கிடையாது, சட்டம்.

ஸ்டெப் 1: கடை

டோக்கியோ ஷின்ஜுகுல ஒமோய்தே யோகோச்சோன்னு ஒரு குறுகலான சந்து, பத்து பேர் உக்காந்தாலே நிரம்பிடற கடைங்க வரிசையா இருக்கும், புகையும் கறி சுடற வாசனையுமா அருமையா இருக்கும். ஆனா முதல் தடவைக்கு நான் செயின் கடையத்தான் சொல்லுவேன். தோரிகிசோகு மாதிரி கடைல எல்லாமே ஒரே விலை, படம் பார்த்து டேப்லெட்ல தட்டிடலாம். சின்ன கடைல சுவத்துல கையால எழுதி ஒட்டியிருக்கற மெனுகிட்ட கூகுள் டிரான்ஸ்லேட் கேமரா திணறும், அப்போ பக்கத்து ஆள் தட்ட மரியாதையா காட்டி "அரே, ஒனேகாய்ஷிமாஸ்", அதாவது அது குடுங்க ப்ளீஸ்னு சொன்னா போதும், வந்துடும்.

ஸ்டெப் 2: உள்ள போறது

எத்தனை பேர்னு விரல்ல காட்டுங்க. ரெண்டு பேர்னா கவுன்டர் சீட் கேளுங்க, மாஸ்டர் கண்ணு முன்னாடியே கரி அடுப்புல வாட்டறத பாக்கலாம். பாய் போட்ட இடம்னா செருப்பு வெளிய.

ஸ்டெப் 3: கேக்காமலே வர்ற கிண்ணம்

எல்லாரும் முழிக்கற இடம் இதுதான், நானும் முதல் தடவை பில்ல கையில வச்சுக்கிட்டு நாம இத ஆர்டரே பண்ணலயேன்னுதான் யோசிச்சேன். உக்காந்து கை தொடைக்க ஈரத்துணி வந்ததும் கூடவே ஒரு சின்ன கிண்ணம் வரும், வேகவச்ச காய், உருளைக்கிழங்கு சாலட், ஊறுகாய்னு ஏதாவது. பேரு ஒதோஷி, ஒசாகா பக்கம் ட்சுகிதாஷி. இது ஃப்ரீ இல்ல. தலைக்கு 300லிருந்து 500 யென் பில்லுல ஏறும். ஏமாத்தறாங்கன்னு சண்டை போடாதீங்க, உக்கார்ற இடத்துக்கான காசு மாதிரிதான் அது, ஜப்பான்காரங்களும் அதே காசுதான் குடுக்கறாங்க. சில கடைல வேண்டாம்னு ஆரம்பத்துலயே சொன்னா விட்டுடுவாங்க, பல கடைல விட மாட்டாங்க. எப்படியும் வாய வச்ச பிறகு பேச முடியாது. தோரிகிசோகுல இந்த ஒதோஷியே கிடையாது, முதல் தடவைக்கு அத நான் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இது.

ஸ்டெப் 4: முதல்ல டிரிங்க்ஸ்

சாப்பாட்டு மெனுவ அப்புறம் புரட்டுங்க, டிரிங்க்ஸ் உடனே சொல்லிடணும். "தோரியாஎஸு பீரு", இப்போதைக்கு பீர்னு அங்க எல்லா டேபிள்லயும் கேக்கும். பீர் பிடிக்காதவங்களுக்கு விஸ்கில சோடா ஊத்தின ஹைபால், இல்ல ஷோச்சுன்ற ஜப்பான் சாராயம் போட்ட லெமன் சவர். எல்லார் கைலயும் கிளாஸ் வந்து "கான்பாய்", அதாவது சியர்ஸ் சொல்ற வரைக்கும் யாரும் வாய வைக்கக் கூடாது. பாட்டில் பீர்னா பக்கத்துல இருக்கறவங்களுக்கு நீங்க ஊத்துங்க, உங்களுக்கு அவங்க ஊத்துவாங்க.

ஸ்டெப் 5: சாப்பாடு

மொத்தமா ஆர்டர் பண்ணாதீங்க. எல்லாம் சின்ன தட்டு, நடுவுல வச்சு பகிர்ந்து சாப்பிடறது, தீரத் தீர சொல்லிக்கலாம். எடமாமேன்ற வேகவச்ச பச்சை சோயாபீன்ஸ், அப்புறம் பொரிச்ச கராகே சிக்கன், அப்புறம் குச்சில குத்தி சுட்ட சிக்கன் யாகிதோரி. யாகிதோரிக்கு தாரேவா ஷியோவான்னு கேப்பாங்க, அதாவது இனிப்பு கலந்த சோயா சாஸா, வெறும் உப்பா. தொடைக்கறிக்கு உப்பு, சிக்கன் உருண்டை ட்சுகுனேக்கு தாரே, இதுல நான் மாறவே மாட்டேன். ஒருத்தர் சாப்ஸ்டிக்ல இருந்து இன்னொருத்தர் சாப்ஸ்டிக்குக்கு நேரா குடுக்காதீங்க, தகனத்துக்கு அப்புறம் எலும்ப அப்படித்தான் எடுப்பாங்க.

ஸ்டெப் 6: பில்

ரெண்டு ஆள்காட்டி விரலையும் பெருக்கல் குறி மாதிரி வச்சு காட்டினா பில் வரும். பெரும்பாலும் வாசல் பக்க கவுன்டர்ல கட்டணும். சின்ன கடைக்கு கேஷ் வச்சுக்கோங்க. டிப்ஸ் வேண்டவே வேண்டாம்.

அப்டேட்: கமெண்ட்ல வெஜிடேரியன்ஸ் நிறைய கேட்டிருக்கீங்க. கஷ்டம்தான், உண்மையச் சொல்லிடறேன். மீன் கண்ணுல படாட்டியும் தாஷின்ற சாறுல பெரும்பாலும் மீன் இருக்கும், முட்டை ரோல்லயும் வேகவச்ச காய்லயும் அதுதான். ஹியயாக்கோன்ற குளிர்ந்த டோஃபு மேலயும் காஞ்ச மீன் சீவல தூவிடுவாங்க, "கட்சுஓபுஷி நுகி தே"னு சொன்னா தூவாம தருவாங்க. எடமாமே, உப்பு போட்ட முட்டைக்கோஸ், வெள்ளரிக்காய், இதுல ஒரு சாயங்காலம் ஓட்டலாம். புகை பத்தி கேட்டவங்களுக்கு: 2020 ஏப்ரல்ல இருந்து கடைக்குள்ள சிகரெட்டுக்கு கட்டுப்பாடு இருக்கு, ஆனா பழைய சின்ன கடைகள் பலதுக்கு விலக்கு உண்டு, அதனால கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர பார்த்துட்டு உள்ள போங்க.