கிட்டத்தட்ட பொருந்தும் மரைகள்: பழைய ரேஸ் சைக்கிளைப் புதுப்பிப்பவர்கள் செய்யும் தவறுகள்

நான் முதன்முதலில் பிரித்த பழைய ரேஸ் சைக்கிளில் பின்சக்கர ரிம் நெளிந்துபோயிருந்தது. ஹப் (சக்கரத்தின் நடுவிலுள்ள குடம்) மட்டும் கிடைத்தால் போதும் என்று கம்பிகளை எல்லாம் கட்டரால் வெட்டித் தள்ளினேன். பத்து நிமிட வேலை. அப்புறம்தான் ஃப்ரீவீல், அதாவது செயின் ஓடும் பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி, இன்னும் ஹப்பிலேயே உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. மிதிக்க மிதிக்க இறுகிக்கொண்டே போகும் மரை அது. கழற்றும் கருவியை வைஸில் பிடித்து, சக்கரத்தையே ஸ்டீயரிங் மாதிரிச் சுழற்றினால்தான் விடும். சுழற்றச் சக்கரம் எங்கே? அதைத்தான் நான் வெட்டிவிட்டேனே! ஆக, ஃப்ரீவீலைக் கழற்றிய பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும்.

பெரும்பாலான தவறுகள் இப்படி வரிசை மாறுவதால் வருபவை. முதலிடம் பெயிண்டுக்கு. சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்றே உப்புத்தாளை எடுத்துவிடுகிறார்கள். சட்டகம் நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. எதிலாவது மோதிய சைக்கிள் என்றால், ஹேண்டிலுக்குக் கீழே சாய்குழாயும் மேல்குழாயும் தலைக்குழாயோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் தோலில் விழும் மடிப்பு போல ஒரு நெளிவு இருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலால் தடவினால் தெரியும். அடுத்தது நூல் சோதனை. பின்சக்கரம் மாட்டும் கொக்கி ஒன்றில் நூலைக் கட்டி, தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கக் கொக்கியில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாயிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் பெயிண்டை மறந்துவிட்டு சட்டகத்தை நேராக்கத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

சீட் தண்டு அசையவில்லையா? சுத்தியலை எடுக்காதீர்கள். எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு பல வருடம் ஈரத்தோடு கிடந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். குழாயைச் சூடாக்கினால் விடும் என்று சொல்பவர்கள் உண்டு. வெப்பத்தில் அலுமினியம் எஃகைவிட அதிகமாக விரியும், அதனால் சூடாக இருக்கும்வரை தண்டு இன்னும் இறுகவே செய்யும். பெயிண்டும் கருகும். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயை விட்டு, நாள்கணக்கில் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிப் பார்ப்பதுதான் வழி. ஹேண்டிலைத் தாங்கும் தண்டான ஸ்டெம்மிலும் இதே அவசரம் வேண்டாம். மேலே உள்ள போல்ட்டைச் சில சுற்று தளர்த்தி, அதன் தலையில் மரச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கும் ஆப்பு இறங்கும். அதைச் செய்யாமல் ஹேண்டிலைப் பிடித்து முறுக்குபவர்கள் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைத்தான் முறுக்குகிறார்கள்.

அடுத்து மரை. பழைய சைக்கிளில் அதிகம் பாழாவது இதுதான். இடது பெடலுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகும் மரை, என்பது பலருக்குத் தெரியும். ஆங்கிலேய அளவில் செய்த பாட்டம் பிராக்கெட்டில் (பெடல் கைகளைத் தாங்கும் அச்சு சுழலும் இடம்) செயின் இருக்கும் வலப்பக்கக் கிண்ணத்துக்கு இடது மரை என்பது அவ்வளவாகத் தெரியாது. வழக்கமான திசையில் நீட்டுக் குழாய் மாட்டித் தளர்த்துவதாக நினைத்து, உயிரைக் கொடுத்து இறுக்கிக்கொண்டிருப்பார்கள். இத்தாலிய அளவில் இரண்டு பக்கமும் சாதாரண மரை, விட்டம் 36 மில்லிமீட்டர். பழைய பிரெஞ்சு அளவிலும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான், ஆனால் 35 மில்லிமீட்டர்.

ஆங்கிலேய அளவான 1.37 அங்குலம் என்பது 34.8 மில்லிமீட்டர். பிரெஞ்சு அளவோடு ஒப்பிட்டால் 0.2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். மரையின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் தவறான கிண்ணம் தொடக்கத்தில் பிடித்துக்கொள்ளும், பிறகு இறுகும். "துரு போல" என்று ஸ்பேனரைப் போட்டு அழுத்தினால் சட்டகத்தின் மரை சிதைந்துவிடும். பெடலிலும் இதே பொறிதான். பழைய பிரெஞ்சு பெடலின் விட்டம் 14 மில்லிமீட்டர், மற்றவை 9/16 அங்குலம், அதாவது 14.3. சீட் தண்டுகளும் 26.4, 26.6, 26.8, 27.0, 27.2 என்று 0.2 மில்லிமீட்டர் படிகளில் மாறும். டேப்பை வைத்து இவற்றை அளக்க முடியாது. வெர்னியர் காலிப்பர் இல்லாமல் ஒரு பாகம்கூட வாங்காதீர்கள். கையால் லகுவாகச் சுழலாத மரையில் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்று நானே எனக்கு ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

கிராங்கை, அதாவது பெடல் மாட்டும் கையை, கழற்றும்போது போல்ட்டை எடுத்துவிட்டு அடியில் இருக்கும் வாஷரை மறந்துவிடுவார்கள். கழற்றும் கருவி வாஷரில் முட்டும், கிராங்கின் மெல்லிய அலுமினிய மரை உருவிக்கொண்டு வரும். ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால் தீர்ந்தது.

சக்கரம் மாற்றுபவர்கள் பின்சக்கரக் கொக்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஐந்து பல்சக்கர காலத்தில் 120 மில்லிமீட்டர், ஆறு, ஏழுக்கு 126, அதற்குப் பின் 130. எஃகுச் சட்டகத்தை முறையாக விரிக்கலாம், அலுமினியத்தில் முயலவே கூடாது. 27 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 700சி போடுவதானால், ரிம் விட்டம் 630-லிருந்து 622 ஆகிறது. பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். அதற்கு பிரேக்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சக்கரம் வாங்குங்கள்.

துருவைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. குரோம் மேல் இரும்புப் பிரஷ் வேண்டாம், அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே மேல்துரு போய்விடும். பழைய பெயிண்ட் ஓரளவு நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி. கீறலோடு இருக்கும் அசல் ஸ்டிக்கருக்கு முன்னால் புது நகல் எடுபடாது. பெயிண்டை உரிக்க மணல் வீசித்தான் ஆக வேண்டுமென்றால் சட்டகம் எவ்வளவு மெல்லியது என்று வேலை செய்பவரிடம் சொல்லுங்கள். நல்ல ரேஸ் குழாய்களின் நடுப்பகுதி சுமார் 0.6 மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும்.

கிண்ணங்களைத் துடைத்துவிட்டுப் பழைய பால்ரஸ் குண்டுகளையே திரும்பப் போடுவது அற்ப சிக்கனம். பின் ஹப்பில் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது, கால் அங்குலக் குண்டுகள். ஆனாலும் எடுக்கும்போதே எண்ணிவைப்பது நல்லது. கருவியின்றிக் கழற்றும் விரைவுப்பூட்டு உள்ள சக்கரத்தில், குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கோனைச் சரிசெய்யும்போது இம்மியளவு ஆட்டம் விட வேண்டும். பூட்டை அழுத்தும்போது அச்சு கொஞ்சம் அமுங்கி அந்த ஆட்டம் மறைந்துவிடும்.

பழைய அலுமினிய ஹேண்டிலை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டெம் கவ்வும் இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தால், எவ்வளவு அழகாகப் பளபளத்தாலும் அதைச் சுவரில்தான் மாட்ட வேண்டும். பிரேக் கட்டை, கேபிள், டயர் மூன்றையும் புதிதாகவே போடுங்கள். முதல் சவாரி வீட்டைச் சுற்றியே இருக்கட்டும். திரும்பி வந்ததும் கிராங்க் போல்ட்டை, அல்லது காட்டர் பின் (பழைய கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு) நட்டை, மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.