புல்லாங்குழல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் புதிதாகக் குழல் கற்க வருகிறவர்களின் பையைத் திறந்தாலே தெரிந்துவிடும், யார் பேச்சைக் கேட்டு வாங்கினார்கள் என்று. ஒகேனக்கல் கடைவீதியில் வாங்கிய வர்ணம் பூசிய குழல், பெங்களூரில் வாங்கிய நீளமான பன்சூரி (வடநாட்டுக் குழல்), வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்துப் பணம் அனுப்பி வரவழைத்த குழல். விரிசல் இருக்கிறதா பார், பொம்மைக் குழலை வாங்காதே என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் தாண்டி வரும் தவறுகள்தான் இங்கே.

துளைகளை எண்ணாமல் வாங்குவது

ஓசூரிலிருந்து பெங்களூரு பக்கம் என்பதால் பலரும் அங்கே போகிறார்கள். அங்கே கடைகளில் அதிகம் தொங்குவது இந்துஸ்தானி பன்சூரி. ஆன்லைனில் வருவதும் பெரும்பாலும் அதுதான்; உத்தரப் பிரதேசத்துப் பிலிபித் இதற்குப் பேர்போன ஊர். நல்ல வாத்தியம், ஆனால் கர்நாடக சங்கீதப் பாடத்துக்கு ஒத்துவராது.

பன்சூரியில் விரல் வைத்து வாசிக்கும் துளை ஆறு. கர்நாடகக் குழலில் ஊதுதுளை நீங்கலாக எட்டு. ஏழில் விரல், எட்டாவது திறந்தே இருக்கும். பன்சூரியில் மூன்று துளை மூடினால் ஸ. நம் குழலில் இரண்டு மூடினால் ஸ. அதனால் ‘ஜி’ (5 கட்டை; கட்டை என்றால் ஸ நிற்கும் சுருதி) என்று எழுதிய பன்சூரியை வாங்கி, நம் விரலடைப்பில் இரண்டு துளை மூடி ஊதினால் வருவது ஏ, அதாவது 6 கட்டை. தம்பூராவை 5 கட்டையில் வைத்துவிட்டு, சேரவே மாட்டேன் என்கிறதே என்று தவிக்கும் பிள்ளைகளில் பலருக்குக் கோளாறு இதுதான்.

கட்டை தெரியாமல் கேட்பது

1 சி, 2 டி, 3 இ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைக்கட்டைகள் ஆர்மோனியத்தின் கறுப்புக் கட்டைகள். இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை இல்லை, ஆகவே மூன்றரைக் கட்டைக் குழல் என்று ஒன்று கிடையாது. கடைக்காரரிடம் “மூன்றரை இருக்கா?” என்று சும்மா கேட்டுப் பாருங்கள். இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

ஆரம்பத்துக்கு 5 அல்லது 5½. சின்னக் கை என்றால் 6. கட்டை குறையக் குறையக் குழல் நீளும், துளைகள் விலகும். நாதம் கம்பீரமாக இருக்கிறது என்று 2 கட்டையில் வாங்கிக் கொடுத்தால், பத்து வயதுப் பிள்ளைக்கு வலது சுண்டுவிரல் துளைக்கு எட்டாது. எட்டினாலும் முழுதாக மூடாது.

செய்தவர் ஊதிக் காட்டியதைக் கேட்டு வாங்குவது

எரிச்சல் வருவது இதில்தான். எத்தனை சொன்னாலும் மறுபடி மறுபடி நடக்கிறது.

குழல் செய்பவர்களில் பெரும்பாலோர் நன்றாக வாசிப்பார்கள். ஒரு குழலை எடுத்து மோகனத்தில் நாலு பிடி பிடிப்பார். கேட்கிறவர் சொக்கிப்போய்ப் பணத்தைக் கொடுத்துவிடுவார். அவர் கேட்டது குழலை அல்ல, செய்தவரின் உதட்டை.

ஆர்மோனியத்தில் சுருதி உள்ளேயே இருக்கிறது. குழலில் பாதி மூங்கிலில், பாதி உதட்டில். ஊதுதுளையை உதட்டுப் பக்கம் உருட்டினால் சுருதி இறங்கும். வெளிப்பக்கம் உருட்டினால் ஏறும். மூச்சை அழுத்தினாலும் ஏறும். இப்படி அரை சுருதியில் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளியில்) பாதியை, அதாவது 50 சென்ட் வரை, பழகியவர் அனாயாசமாக மாற்றிவிடுவார். காதில் தம்பூரா ஒலித்துக்கொண்டிருந்தால் அவர் வேண்டுமென்று செய்யவும் வேண்டாம். உதடு தானாகவே திருத்திக்கொள்ளும். அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பழகிய உதட்டின் வேலையே அதுதான். ஆனால் ஆரம்பக்காரருக்கு அந்த உதடு கிடையாது.

பாலக்கோடு பக்கத்து மாணவி ஒருத்திக்கு அப்படித்தான் வீடியோ பார்த்து ஒரு குழல் வாங்கினார்கள். வீடியோவில் தேனாய் ஒழுகியது. அவள் ஊதினால் தார ஸ்தாயி ஸ, அதாவது மேல் ஸ, எப்போதும் இறங்கியே நின்றது. தப்பு தன்னுடையது என்று நினைத்து, மேலே போகும்போதெல்லாம் குழலை வெளியே உருட்டி அழுத்தி ஊதப் பழகிவிட்டாள். ஆறு மாதம் கழித்து வேறு குழலைக் கையில் கொடுத்தால் எல்லா மேல் ஸ்வரமும் ஏறிப் போகிறது. குழலுக்குக் கொடுத்த காசு போனால் போகட்டும். பதிந்துபோன அந்த உதட்டுப் பழக்கத்தை எடுக்க, பழகியதைவிட அதிக நாள் ஆகும்.

ஊதத் தெரியாதவர் எப்படிச் சோதிப்பது? முடிந்தால் சொல்லித்தருபவரையே கூட்டிப்போங்கள். முடியாவிட்டால் செய்தவரையே ஊதச் சொல்லுங்கள், ஆனால் நீங்கள் சொல்கிறபடி. தம்பூராவை நிறுத்திவிடுங்கள். போனில் ட்யூனர் ஆப்பை (சுருதியை முள்ளில் அளந்து காட்டுவது) திறந்து திரையை உங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், அவர் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் ஊதிக் குழல் சூடேறட்டும். பிறகு இரண்டு துளை மூடி வெறும் ஸ, நாலு விநாடி. குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி வைத்து அதே ஸ. ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் முள் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வர வேண்டும்.

அடுத்தது ஸ்தாயி. இதே இரண்டு துளை மூடலில் மெதுவாக ஊதினால் மத்திய ஸ்தாயி ஸ, அழுத்தினால் தார ஸ்தாயி ஸ. ஐந்து துளை மூடி மெதுவாக ஊதினால் மந்திர (கீழ் ஸ்தாயி) பஞ்சமம், அழுத்தினால் மத்திய பஞ்சமம். குழலை அசைக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவச் சொல்லுங்கள். முள் விலகும் அளவில் இரண்டுக்கும் 10 சென்டுக்குள் வித்தியாசம் என்றால் எடுத்துக்கொள்ளலாம். 25, 30 என்று மேல் ஸ்வரம் இறங்கினால் வைத்துவிடுங்கள்.

அப்போது முள்ளை மட்டும் பார்க்காமல் அவர் மணிக்கட்டையும் பாருங்கள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் ஊதுதுளை லேசாகச் சுழல்கிறது என்றால் அவர் குழலைத் திருத்தி வாசிக்கிறார்.

மேல் ஸ்தாயி இறங்குவதற்குப் பல சமயம் காரணம் மூடிய பக்கத்து அடைப்பு. ஊதுதுளையின் நடுவிலிருந்து கார்க் வரை உள்ள தூரம் ஏறக்குறையக் குழலின் உள்விட்டம் அளவு இருக்க வேண்டும். கார்க் வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் மேல் ஸ்தாயிதான் அதிகம் இறங்கும். நகரும் கார்க் என்றால் ஒவ்வொரு மில்லிமீட்டராக உள்ளே தள்ளிப் பார்க்கச் சொல்லலாம். கணுவே அடைப்பாக இருந்தால் உள்ளே மெழுகு வைத்துத்தான் சரிசெய்ய முடியும். “இதைச் சரிசெய்து தர முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள், வருகிற பதிலிலேயே ஆளின் தரம் தெரியும்.

ட்யூனர் சொன்னதற்காகத் துளையைத் தேய்ப்பது

ட்யூனர் ஆப் பியானோக் கணக்கில், அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரித்து, ஓடுகிறது. தம்பூராவோடு சேரும் அந்தர காந்தாரம் அந்தக் கணக்கில் 14 சென்ட் குறைவாகத்தான் காட்டும், சதுஸ்ருதி தைவதம் 16 குறைவாக. அது பிழை அல்ல. பஞ்சமமும் மத்தியமமும் 2 சென்ட் வித்தியாசத்தில் நிற்கும். காந்தாரம் இறங்குகிறது என்று உப்புத்தாளைச் சுருட்டித் துளையில் விட்டுத் தேய்த்தவர்கள் உண்டு. துளை பெரிதானால் சுருதி ஏறும்; ஏறியதை இறக்க மெழுகு ஒட்டிக் குறுக்குவதுதான் வழி.

வெயிலை மறப்பது

காற்று ஒரு டிகிரி சூடானால் சுருதி சுமார் 3 சென்ட் ஏறும். தளியில் மார்கழிக் காலை 18 டிகிரியில் சுருதி பார்த்த குழலை, தருமபுரியில் சித்திரை மதியம் 35 டிகிரியில் எடுத்தால் கணக்குப்படி 50 சென்ட் ஏற வேண்டும். மூச்சுச் சூடு இரண்டு இடத்திலும் உள்ளே இருப்பதால் அத்தனை வராது, ஆனால் தம்பூராவோடு ஒட்டாமல் நிற்க அதில் பாதியே போதும். குழல் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பும் முன் தம்பூரா ஆப்பில் சுருதியைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். வாங்கும்போதும் எந்தச் சூட்டில் சுருதி பார்த்தது என்று கேட்டுவையுங்கள்.

காட்டு மூங்கிலை வெட்டிச் செய்யச் சொல்வது

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஒகேனக்கல் காடுகளில் கிடைக்கும் கல் மூங்கில் தடிக்கு ஆகும், குழலுக்கு ஆகாது. உள்ளே துவாரமே இருக்காது, இருந்தாலும் ஊசி நுழையும் அளவுதான். முள் மூங்கில் சுவர் தடித்து உள்விட்டம் சீராக இருக்காது. காப்புக்காட்டில் கத்தி வைத்தால் வனத்துறை வழக்கு வேறு.

பன்னிரண்டு குழல் செட்

வேண்டாம். ஒன்று போதும்.

அட்டை வைத்துத் துளையிடுபவரிடம் போவது

ஒவ்வொரு மூங்கிலுக்கும் உள்விட்டம் வேறு, சுவர்க்கனம் வேறு. ஒரே அளவு அட்டையை வைத்து இருபது மூங்கிலில் குறி போட்டு, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஒரே மூச்சில் துளை போட்டால் அதில் இரண்டு சுருதி சேர்ந்தாலே அதிர்ஷ்டம். தெரிந்தவர் முதலில் சின்னதாகப் போட்டு, ஊதி ஊதிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெரிதாக்குவார். அவர் பட்டறையில் தள்ளிவைத்த குழல்கள் ஒரு கூடை கிடக்கும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். கழிவே இல்லை என்று சொல்பவர் கழிவையும் விற்கிறார்.

உங்களிடம் அவர் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். யாரிடம் பாடம், என்ன கட்டை, பிள்ளையின் விரல் எவ்வளவு நீளம் என்று கேட்டால் நல்லது. எவ்வளவு பட்ஜெட் என்பதே முதல் கேள்வி என்றால் எழுந்து வந்துவிடலாம்.

பளபளப்பு

வார்னிஷுக்கு நாதம் கிடையாது.

அங்கேயே கசிவு பார்க்காமல் வருவது

இரு முனையிலும் கட்டும் நூல் விரிசலைத் தடுக்கத்தான். சிலர் விரிசலை மறைக்கவும் கட்டுவார்கள். போன் டார்ச்சை ஒரு முனையில் வைத்து, இருட்டில் குழலைச் சுற்றிப் பாருங்கள். நூல் ஓரமாக வெளிச்சக் கோடு வருகிறதா என்று தெரியும். பிறகு விரல்துளை எட்டையும் செலோடேப்பால் ஒட்டி, திறந்த முனையை உள்ளங்கையால் அடைத்து, ஊதுதுளையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உதடு இழுபட்டு ஒட்டிக்கொண்டால் கசிவு இல்லை. உறிஞ்ச உறிஞ்சக் காற்று வந்துகொண்டே இருந்தால் எங்கோ ஓட்டை. முதல் கோடையில் வெடித்தால் மாற்றித் தருவீர்களா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள், பில்லின் பின்னால் எழுதியும் வாங்கிவிடுங்கள்.